மயிலாத்தாள் மெலிந்த வீடு

புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்றில், பெருமாளுக்குத் தளிகை போடுவதற்காக வாழையிலையை ஏந்திக்கொண்டு சமையலறையிலிருந்து கூடத்துக்கு வந்த மயிலாத்தாள், ஃப்ரிட்ஜுக்கும் பழைய பேப்பர் அடுக்குக்கும் நடுவிலிருந்த சந்தில், உடம்பைத் திருப்பாமல், மூச்சைப் பிடிக்காமல், சேலையை ஒதுக்கிக்கொள்ளாமல், அகலமான வீதியில் நடப்பவளைப் போல நேராக நடந்து வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் சென்னியப்பன் அதைப் பார்த்தார். சந்து அகலமாகிவிடவில்லை என்பது அவருக்குத் தெரியும், ஏனென்றால் முந்தின நாள்தான் அந்த அடுக்கின் பக்கவாட்டில் கல்யாணப் பத்திரிகைகளைச் சொருகி அதை இன்னும் கொஞ்சம் குறுக்கியிருந்தார். குறுகியது மயிலாத்தாள்தான். இலையின் விளிம்பு இரண்டு பக்கமும் உரச, அவள் மட்டும் எதிலும் உரசாமல் வந்ததைப் பார்த்து, 'நல்லதாப் போச்சு' என்று சென்னியப்பன் மனசுக்குள் சொல்லிக்கொண்டார். அப்படிச் சொல்லிக்கொண்டதை நினைத்துத்தான் பின்னாளில் அவர் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சோற்றைப் பிசையாமல் உட்கார்ந்திருந்தார்.

கோயம்புத்தூரில் பேரூர் போகும் வழியில் இருக்கிற மருதம் அடுக்ககத்தில், மூன்றாவது மாடியில் அவர்களுடைய வீடு. நூல் மில் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் சென்னியப்பன். குடியும் சீட்டும் அறியாத, யாரையும் ஏய் என்று அழைக்காத மனிதர். அவருக்கு இருந்த ஒரே பழக்கம், ஒரு காகிதத்தையும் வெளியே விடமாட்டார் என்பது. செய்தித்தாள்கள் வருஷ வாரியாக அடுக்கப்பட்டிருந்தன. கரண்டு பில், காஸ் பில், வங்கிக் கடுதாசி, டாக்டர் சீட்டு, மருந்து அட்டை, ஜவுளிக்கடைப் பை, இனிப்புப் பெட்டி, தேதி கிழித்த காலண்டர் தாள், கோயில் திருவிழா நோட்டீஸ், செத்துப்போனவர்களின் கருமாதிப் பத்திரிகை, அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் காதுகுத்துப் பத்திரிகை, டி.வி. வந்த அட்டைப்பெட்டி, அந்த டி.வி. போய் அடுத்த டி.வி. வந்த அட்டைப்பெட்டி என்று தரையிலிருந்து பரண் வரைக்கும், பரணிலிருந்து விட்டம் வரைக்கும் ஏறி நின்றன. ஒரு பக்கம் அச்சடித்து மறுபக்கம் வெள்ளையாக இருந்தால் அதற்குத் தனி மரியாதை. அது மெத்தைக்கு அடியில் போகும்.

இதற்கு ஒரு காரணம் இருந்தது. பள்ளி முடித்த வருஷம், தகரப் பெட்டியில் வைத்திருந்த அவருடைய மார்க் ஷீட்டைக் கரையான் தின்றுவிட்டது. வேறொன்று வாங்கி வருவதற்குள் கல்லூரியில் இடம் போய்விட்டது. அந்த வருஷம் முழுக்க எருமை மேய்த்துக்கொண்டு, காலேஜ் பஸ் போவதைக் குளக்கரையில் நின்று பார்த்தவர் அவர். அன்றைக்குப் பிடித்த பயம், கல்யாணமாகி, கோகிலவாணி என்று ஒரு மகள் பிறந்து, அவள் படித்து, கட்டிக்கொடுத்து, ஓசூருக்குப் போன பிறகும் விடவில்லை. மகளின் அறை காலியானதும் காகிதம் அதற்குள் போயிற்று. அது நிறைந்ததும் கூடத்துக்கு வந்தது.

இரண்டாவது மாடியில் இருக்கிற பெனிட்டா குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளரானதும் மாதத்தில் ஒரு சனிக்கிழமையைக் 'காகித நாள்' என்று வைத்தாள். வீட்டில் வேண்டாத காகிதத்தைக் கட்டிக் கீழே பார்க்கிங்கில் வைத்தால் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும். அரைத்துக் கூழாக்கி மறுபடி நோட்டாகவும் முட்டை அட்டையாகவும் செய்வார்கள். நல்ல காரியம், எல்லாரும் கை கொடுத்தார்கள். பெனிட்டா அதை விளக்கி ஒரு நோட்டீஸ் அடித்து ஒவ்வொரு கதவுக்கு அடியிலும் போட்டாள். மற்றவர்கள் படித்துவிட்டு அதையே முதல் காகிதமாகக் கட்டோடு சேர்த்தார்கள். சென்னியப்பன் பத்திரப்படுத்தினார்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. காகித நாளன்று வண்டி வருவதற்கு முன்னால் அவர் கீழே போய், மற்றவர்கள் வைத்திருந்த கட்டுகளைப் பிரித்துப் பார்த்து, "அடடா, இதைப் போயி எறிஞ்சிருக்காங்களே" என்று நல்லதாகத் தெரிந்ததையெல்லாம் பொறுக்கி மேலே கொண்டுவர ஆரம்பித்தார். அதைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டார்கள். பழகிய பிறகு அதில் ஒரு வசதியும் கண்டார்கள்: கீழே வரைக்கும் தூக்கிக்கொண்டு போவானேன், சென்னியப்பன் வாசலில் வைத்தால் போதுமே. எறிய மனசு வராத பிள்ளைகளின் பழைய பரீட்சைத் தாள், வீட்டில் வைக்கவும் பிடிக்காத மாமனாரின் ஜாதகக் கத்தை, எல்லாம் அவர் கதவருகே வந்து உட்கார்ந்தன. மருதம் அடுக்ககத்தில் மற்ற வீடுகளெல்லாம் காற்றும் வெளிச்சமுமாக அகன்றுகொண்டே போக, மூன்றாம் மாடியில் ஒரே ஒரு வீடு மட்டும் நெருங்கிக்கொண்டே வந்தது. சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் அதற்காக அவருக்கு நன்றிகூடச் சொன்னார்கள்.

"ஏனுங்க, நம்மளுதே எச்சா கெடக்குது, ஊராரோடதையும் எதுக்குங்க?" என்று மயிலாத்தாள் கேட்டாள்.

"சித்தெ பொறு மயிலு. பார்த்துப் பிரிச்சு, வேண்டாததைப் போட்டுரலாம்" என்றார் அவர்.

அவள் பொறுத்தாள். பொறுக்கப் பொறுக்கத்தான் அந்த மாறுதல் நடந்தது. முதலில் எல்லாரும் இளைத்துவிட்டாள் என்றே நினைத்தார்கள். லிஃப்டில் பார்த்த பெண்கள், என்ன சாப்பிடுறீங்க, காலையில் நடக்கிறீங்களா என்று கேட்டார்கள். அவள் அரிசிம்பருப்புச் சோறும் நெய்யும் எப்போதும்போலத் தின்றுகொண்டிருந்தாள். உயரம் குறையவில்லை, முகம் வாடவில்லை, முன்னாலிருந்து பார்த்தால் அதே மயிலாத்தாள், அதே பெரிய பொட்டு. பக்கவாட்டில் திரும்பினால்தான் அவள் குறைந்துகொண்டே போனது தெரிந்தது. கார்த்திகையில் ஒரு தலையணை கனம் இருந்தாள். மார்கழியில் ஒரு புத்தகத்தின் கனம். தை பிறந்தபோது, வெயிலில் பக்கவாட்டாக நின்றால் அவள் நிழல் தரையில் பென்சிலால் கோடு போட்டது போல விழுந்தது.

டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அவர் நாடி பிடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார், ஸ்டெதஸ்கோப்பை முன்னால் வைத்தார், அதே சத்தம் பின்னாலும் கேட்பதைக் கவனித்தார். "பி.பி. நல்லா இருக்கு, சுகர் இல்ல. ஒண்ணும் பயப்பட வேண்டாம்" என்று ஒரு டானிக்குக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். டானிக்கை வாங்கினார்கள். சீட்டைச் சென்னியப்பன் பத்திரப்படுத்தினார்.

அடுக்ககம் அவளைச் சீக்கிரமே ஏற்றுக்கொண்டது. எதிர்வீட்டு ஜமுனாவின் இரண்டு வயசு மகள் நிலானி ஒரு நாள் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, திறக்கத் தெரியாமல் வீறிட்டது. ஆசாரிக்கு ஆள் அனுப்பினார்கள், கதவை உடைக்கலாமா என்றார்கள், ஜமுனா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த மயிலாத்தாள், "சித்தெ நகருங்கொ" என்று சொல்லித் தரையில் படுத்து, கதவின் அடியிலிருந்த இடைவெளியில் முதலில் கையையும் பிறகு தலையையும் பிறகு மிச்சத்தையும் நுழைத்து உள்ளே போனாள். தாழ்ப்பாள் திறந்தபோது நிலானி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. பிள்ளையின் பாரத்தில் அவள் காற்றில் வளைந்த அட்டைபோல முன்னால் வளைந்திருந்தாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

அதற்கப்புறம் அவளைக் கூப்பிடாத வீடு இல்லை. சாவியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டவர்கள், பீரோவுக்குப் பின்னால் கம்மல் விழுந்தவர்கள், குழாய்கள் போகிற இடுக்கில் துணியைத் தவறவிட்டவர்கள் எல்லாரும், "மயிலக்கா, ஒரு நிமிஷம்" என்று வந்தார்கள். அறிவிப்புப் பலகையில் பிளம்பர் எண்ணுக்கும் எலக்ட்ரீசியன் எண்ணுக்கும் கீழே அவள் எண்ணையும் ஒட்டினார்கள். அவள் வந்தால் ஃபேனை நிறுத்தவேண்டும், ஜன்னலைச் சாத்தவேண்டும், ஈரக் கையால் தொடக்கூடாது என்பதெல்லாம் சின்னக் குழந்தைகளுக்குக்கூடப் பழக்கமாயிற்று. பொங்கல் விழாவில் அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பாரம் தாங்காது என்று ஒரு ஓரத்தை மட்டும் தோளில் வைத்துவிட்டு எடுத்துக்கொண்டார்கள். அவள் ஏன் இப்படியானாள் என்று யாரும் கேட்கவில்லை. பெனிட்டா மட்டும் கேட்டாள்.

அவள் ஒரு நாள் நேராக மூன்றாம் மாடிக்கு வந்து, கதவு முழுதாகத் திறக்காததால் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நின்றபடி சொன்னாள்: "அங்கிள், தப்பா நினைக்காதீங்க. ஆன்ட்டிக்கு உடம்புல ஒண்ணுமே இல்ல. இந்த வீட்டுல அவங்களுக்கு இடம் இல்ல. அவ்வளவுதான். எவ்வளவு இடம் இருக்கோ அவ்வளவாத்தான் அவங்க இருக்காங்க."

"என்ற சம்சாரத்தைப் பத்தி நீங்க சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கோணுமாம்மா?" என்றார் சென்னியப்பன். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு உயர்ந்தது.

பெனிட்டா போய்விட்டாள். அவர் கதவைச் சாத்தினார். அவள் சொன்னது அவருக்குத் தெரியாததல்ல. முதல் நாள், வாழையிலையோடு மயிலாத்தாள் நேராக நடந்து வந்தபோதே தெரியும். அவள் ஒரு விரற்கடை மெலிந்தபோதெல்லாம் அந்த ஒரு விரற்கடையில் அவர் ஒரு கத்தையை வைத்தார். அவள் விட்டுக்கொடுத்த இடம் தன்னுடைய கெட்டிக்காரத்தனத்தால் கிடைத்த இடம் என்று தோன்றுமளவுக்கு அது லேசாக, சத்தமில்லாமல், சண்டையில்லாமல் கிடைத்துக்கொண்டிருந்தது.

மாசி மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு மயிலாத்தாள் அவரிடம் வந்து நின்றாள். அவள் எதையும் அவரிடம் கேட்டு வருஷக்கணக்காகியிருந்தது.

"ஏனுங்க, பால்கனியில ஒரு நாற்காலி போடற எடம் மட்டும் பண்ணித் தர்றீங்களா? தலைக்குத் தண்ணி வாத்தா உலத்தறதுக்கு எடமில்லீங்க. சித்தெ நேரம் உக்காந்து மலையைப் பார்ப்பேன்."

"பண்ணீரலாம் மயிலு. பங்குனி உத்தரம் போகட்டும்."

பங்குனி உத்தரம் போயிற்று. சித்திரையும் போயிற்று. அவள் திரும்பக் கேட்கவில்லை. கட்டிலின் அவள் பக்கத்திலும் காகிதம் ஏறிவிட்டதால், பீரோவுக்கும் பழைய வாரப்பத்திரிகைகளுக்கும் நடுவிலிருந்த இடுக்கில் ஒரு தாளைச் சொருகுவதுபோலத் தன்னைச் சொருகிக்கொண்டு தூங்கப் பழகியிருந்தாள். "வெதுவெதுப்பா இருக்குதுங்க" என்று ஒரு முறை சொன்னாள். குறையாகச் சொல்கிறாளா நிறைவாகச் சொல்கிறாளா என்று அவர் யோசிக்கவில்லை.

ஆனி பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காற்று வந்துவிட்டது. அந்த மாதங்களில் கோயம்புத்தூரில் கொடியில் துணி நிற்காது. மயிலாத்தாள் கடைக்குப் போனால் யாராவது ஒருத்தர் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கூடப் போனார்கள். ஒரு தரம் ஜமுனா பேச்சுவாக்கில் பிடியை விட்டுவிட, மயிலாத்தாள் மாட்டுத்தீவனக் கடையின் தகரக் கூரை வரைக்கும் போய் ஒட்டிக்கொண்டாள். இறக்கிக் கொண்டுவந்தபோது அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், "மேல நெறைய எடமிருக்குது ஜமுனா" என்று. ஜமுனா அதைச் சொல்லிச் சிரித்தாள். கேட்டுக்கொண்டிருந்த சென்னியப்பனுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு ராத்திரி முழுக்க அந்த வார்த்தை அவரைத் தூங்கவிடவில்லை.

அந்த மாதத்துக் காகித நாளன்று அவர் ஒரு முடிவுக்கு வந்தார். பால்கனியைக் காலி செய்துவிடுவது. முழுக்க வேண்டாம், ஒரு நாற்காலி போடுகிற அளவுக்கு. அவளிடம் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டு அவள் மத்தியானத் தூக்கத்துக்குப் போனதும், சணல் கயிற்றை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். எதை எடுக்கிறோம் என்று பார்த்தால் கை வராது என்று அவருக்குத் தெரியும். அதனால் பார்க்கவில்லை. தலையை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டு, கைக்கு வந்த அடுக்கை அப்படியே சாய்த்து, இறுக்கி, இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டார். ஆறேழு கட்டு கட்டினார். வண்டிக்காரர்கள் மேலே வந்து தலையில் வைத்துக்கொண்டு இறங்கியபோது, தேகத்திலிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டு போவதுபோல இருந்தது. கூடவே, பல வருஷமாகத் தெரியாத ஒரு காற்று முகத்தில் வந்து பட்டது.

கீழே பெனிட்டாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அங்கிள் குடுத்துட்டாரு!" என்று வண்டியிலிருந்த கட்டுகளைப் படமெடுத்து, அடுக்ககத்தின் வாட்ஸப் குழுவில் போட்டாள். எல்லாரும் கைகூப்பும் படமும் பூவும் அனுப்பினார்கள். வண்டி போயிற்று.

சென்னியப்பன் பால்கனியைப் பெருக்கி, ஈரத்துணியால் துடைத்து, நாற்காலியைப் போட்டு, மலை தெரிகிறதா என்று தானே ஒரு முறை உட்கார்ந்து பார்த்துவிட்டு, காப்பி கலக்கிக்கொண்டு அவளை எழுப்பப் போனார். பீரோ பக்கத்து இடுக்கில் அவள் இல்லை. இருக்கவும் முடியாது. அந்த இடுக்கில் முந்தின நாள் அவரே ஜமுனா வீட்டுக் காலண்டர்களை வைத்திருந்தார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர், அப்படியானால் இவள் எங்கே படுத்தாள் என்று யோசித்தார். "மயிலு" என்றார். சமையலறையில், குளியலறையில், ஒவ்வொரு அடுக்கின் நடுவிலும் விரலை விட்டு, "மயிலு, மயிலு" என்றார். எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, "மயிலு அங்க வந்தாளாம்மா?" என்றார்.

ஜமுனா இல்லை என்று தலையாட்டினாள். பிறகு எதையோ நினைத்துக்கொண்டவள்போலச் செல்போனை எடுத்து, பெனிட்டா போட்ட படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினாள். நடுவிலிருந்த கட்டுக்குள், பழுப்பு அடுக்குகளுக்கு மத்தியில் பச்சையாக ஒரு கோடு தெரிந்தது. மயிலாத்தாள் காலையில் கட்டியிருந்த சேலையின் பச்சைக் கரை.

காகிதக் கிடங்கு உக்கடம் தாண்டி எங்கோ இருந்தது. பெனிட்டாவின் காரில் அவரும் ஜமுனாவும், பின்னால் ஸ்கூட்டர்களில் பாதி அடுக்ககமுமாகப் போனார்கள். கிடங்கில் காகிதத்தை அழுத்திப் பாளமாக்குகிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பெனிட்டா ஓடிப்போய் அதை நிறுத்தச் சொன்னாள். விஷயத்தைச் சொன்னதும் கிடங்குக்காரர்கள் ஆச்சரியப்படவில்லை, பதறினார்கள். "எந்தக் கட்டுங்க? சணலா, நைலானா?" என்று கேட்டுக்கொண்டே அவர்களும் தேட வந்தார்கள். மருதம் அடுக்ககத்தார் கட்டுகளைப் பிரித்தார்கள். பிரித்த ஒவ்வொன்றிலும் அவரவர் வீட்டுக் காகிதம் அவரவர் கைக்கே வந்தது: இந்தப் பரீட்சைத் தாள் என் மகனோடது, இந்த ஜாதகம் எங்க மாமனாரோடது, இதை நாந்தானே அவங்க வாசல்ல வெச்சேன். ஒவ்வொருத்தராகப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

கண்டுபிடித்தது சென்னியப்பன்தான். முடிச்சு அவர் போட்ட முடிச்சு. கயிற்றை அறுத்து, தாளைத் தாளாக விலக்கினார். வாழ்க்கையில் அவர் காகிதத்தை இவ்வளவு மெல்லத் தொட்டதில்லை. நடுவில், கைகளை மார்பில் சேர்த்து வைத்தபடி மயிலாத்தாள் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள். கன்னத்தில் செய்தித்தாளின் எழுத்துகள் இடம் வலம் மாறிப் பதிந்திருந்தன. அவர் அவளைத் தோளைப் பிடித்து உருவி எடுத்து, தூணில் சாய்த்து நிறுத்தினார். அவள் சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"ஒரு சத்தம் குடுத்திருக்கலாமில்ல மயிலு? தூங்கிப் போட்டியா?"

"கயிறு போடறப்பவே முழிச்சுட்டனுங்க."

"அப்பறம் ஏன் கூப்பிடலை?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். கோபமாக இருந்தால் சொல்வதற்கு அவளுக்கு வார்த்தை இருந்திருக்கும். "நீங்க மொத மொதல்ல ஒரு கட்டை வெளிய குடுக்கறீங்க. நாங் கூப்பிட்டா அதைப் பிரிப்பீங்க. பிரிச்சா மறுபடி உள்ள கொண்டுபோயி வெச்சுப் போடுவீங்க. அதானுங்க, சும்மா இருந்துட்டேன். ஒரு நாற்காலி எடமாச்சும் ஆகட்டும்னு."

"நீ இல்லாம அதுல யாரு உக்கார்றது?"

"அதை நெனைக்கலீங்க" என்றாள் மயிலாத்தாள்.

அவர் அந்தக் காகிதக் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். ஜமுனா அழுதாள். பெனிட்டா மெஷின் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

மறுநாளிலிருந்து வீட்டைக் காலி செய்தார்கள். சென்னியப்பன் எதையும் பிரித்துப் பார்க்கவில்லை. ஒவ்வொரு தாளையும் உதறி, நடுவில் யாருமில்லை என்று மட்டும் பார்த்தார். அடுக்ககமே வந்து தூக்கியது. தாங்கள் கொண்டுவந்து வைத்ததைத் தாங்களே தலையில் வைத்து இறக்கினார்கள். வண்டி வந்து வந்து போயிற்று. வாரக் கடைசியில் சுவர்கள் வெளியே வந்தன. ஒரு சுவர் இளநீலம் என்பது இருவருக்கும் மறந்துபோயிருந்தது.

ஆனால் அந்த அகலம் மயிலாத்தாளுக்குப் பிடிபடவில்லை. வெறும் கூடத்தில், முன்பு அடுக்குகள் நின்ற இடத்தில் அவள் இன்னமும் ஒடுங்கித் திரும்பினாள். இல்லாத மூலையைச் சுற்றிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். கட்டிலில் விளிம்போடு விளிம்பாகப் படுத்தாள். பால்கனி நாற்காலியில் உட்காரவைத்தால் சாய்ந்துகொள்ள முதுகு நிற்கவில்லை, காற்று அவளை இடப்பக்கமும் வலப்பக்கமும் புரட்டியது. "கையைக் காலை நீட்டு மயிலு, எடமிருக்குது, நல்லா நீட்டு" என்று அவர் கெஞ்சினார். அவள் நீட்டப் பார்ப்பாள். அவர் பக்கத்தில் வந்ததும் தானாகவே ஒடுங்கி வழிவிடுவாள். தான் உள்ளே நுழைகிற ஒவ்வொரு தடவையும் அவள் ஒரு மயிரிழை குறைவதை அவர் கண்ணால் பார்த்தார்.

செய்தி தெரிந்து ஓசூரிலிருந்து கோகிலவாணி வந்தாள். அப்பாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "அம்மாவைக் கூட்டிட்டுப் போறேங்கப்பா" என்றாள். சென்னியப்பன் தடுக்கவில்லை. ரயிலில் காற்றடிக்கும் என்று கார் வைத்து, ஒரு பழைய போர்வையில் அவளைச் சுற்றி ஏற்றி, கண்ணாடியை முழுக்க ஏற்றச் சொன்னார்.

மருதம் அடுக்ககம் அவளில்லாமல் இருக்கவும் பழகிக்கொண்டது. சாவியைத் தொலைத்தவர்கள் ஆசாரியைக் கூப்பிட்டார்கள். பெனிட்டா நோட்டீஸ் அடிப்பதை நிறுத்தினாள். சேதியைக் குழுவில் சொன்னாள், வயசானவர்களுக்கு நேரில் போய்ச் சொன்னாள். ஒரு மாடிக்கு ஒரு செய்தித்தாள் என்று வாங்கி மாற்றி மாற்றிப் படித்தார்கள். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர்களிடம், வாயால் சொன்னால் போதும், கட்டாயம் வருகிறோம் என்றார்கள். காகித நாளன்று அவரவர் கட்டை அவரவரே கீழே கொண்டுபோனார்கள், சென்னியப்பன் வீட்டைத் தாண்டும்போது நடையைக் கொஞ்சம் வேகமாக்கிக்கொண்டு. அவருடைய வாசலில் யாரும் எதையும் வைக்கவில்லை. யாரும் வராமல் போனதும் அதோடு சேர்ந்துதான் நடந்தது.

ஐப்பசியில் அவர் ஓசூருக்குப் போனார். கோகிலவாணி வீட்டுத் தெருவில் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது எதிரே ஒரு பெண்மணி காய்கறிப் பையோடு வந்துகொண்டிருந்தாள். தோள் இரண்டும் அகன்று, இடுப்பில் மடிப்பு விழுந்து, தரையில் நல்ல அகலமான நிழல் விழ, கையை வீசிக்கொண்டு, வீதியை அடைத்துக்கொண்டு நடந்து வந்தாள். யாரோ என்று அவர் ஓரமாக ஒதுங்கி நின்றார். பக்கத்தில் வந்ததும்தான் அந்தப் பெரிய பொட்டைப் பார்த்தார்.

"எப்ப வந்தீங்க? சோறுண்டாச்சுங்களா?" என்றாள் மயிலாத்தாள். கல்யாணமான புதிதில் இருந்த மயிலாத்தாள். அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் உள்ளே போய் முள்ளாகக் குத்தியது, ஏனென்றால் இப்படி ஆவதற்கு அவளுக்கு ஒரு ஜன்னலோரக் கட்டிலும் நாலு மாசமும்தான் தேவைப்பட்டிருக்கின்றன.

சாப்பிட்டு முடித்து, வெற்றிலை மடித்துக் கொடுத்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார், "வூடு காலியா இருக்குது மயிலு. ஒரு துண்டுக் காகிதமில்ல. வர்றியா?"

"வர்றேனுங்க" என்றாள் அவள். மறுக்கிற குரலில்லை. "இப்பத்தான் கையைக் காலை நீட்டிப் படுக்கப் பழகறேன். பழகீட்டு வர்றேன்."

எப்போது என்று அவர் கேட்கவில்லை. அவள் தவணை சொல்கிறாள் என்று குறைப்பட அவருக்கு வாய் வரவில்லை. பங்குனி உத்தரம் போகட்டும் என்று தவணை சொன்ன வாய் அது.

அதிலிருந்து பொழுதோட விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவள் கூப்பிடுவாள். என்ன சமையல், மழையா, முட்டி வலி எப்படி இருக்கிறது என்று கேட்பாள். அவர் சொல்வார். வெறும் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டுதான் பேசுவார், அங்கேதான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். கார்த்திகை தீபத்தன்று அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது, நடுவில் அவள் நிறுத்தி, உற்றுக் கேட்டாள்.

"ஏனுங்க, ஒறம்பரை யாராச்சும் வந்திருக்காங்களா? பின்னால ஆரோ பேசறாப்பல கேக்குது."

சென்னியப்பன் சுற்றிலும் பார்த்தார். இளநீலச் சுவர், வெள்ளைச் சுவர், திறந்து கிடந்த கதவுகள்.

"ஆருமில்ல மயிலு," என்றார். "நாந்தான். வூடு வெறுசா கெடக்குதில்ல, நாம் பேசறதே திரும்பி வருது."

போனை வைத்துவிட்டாளோ என்று அவர் நினைத்தபோது, அவள் மூச்சு விடுவது கேட்டது. ஒரு முழு ஆளின், நெஞ்சு நிறைய இழுத்து விடுகிற மூச்சு.

"சரிங்க," என்றாள் மயிலாத்தாள். "நேரத்தோட சோத்தை உண்டுட்டுப் படுங்க."

"சரி மயிலு" என்றார் அவர். சுவர்களும் சொல்லின.